இடது கன்னம்

மெத்தைக்காரரின் நாக்கு சும்மா இருக்கவில்லை. கை சோபாவின் பழைய துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாலும், சுருள்கம்பிகளைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாலும், நாக்கு தன்பாட்டுக்கு இடது கன்னத்தின் உட்பக்கம் போய் அந்தச் சொரசொரப்பான இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. நேற்றைக்கு இன்று பெரிதாகிவிட்டதா, அப்படியேதான் இருக்கிறதா, ஒருவேளை ஆறத் தொடங்கிவிட்டதா என்று நாள் முழுக்க வேவு பார்க்கிற வேலை. ஆறவில்லை. பத்து வாரமாக ஆறவில்லை.

ஊருக்கெல்லாம் உட்கார இடம் செய்து கொடுக்கிற மனுஷன், தான் மட்டும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியாமல் தவித்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். சாத்திய ஜன்னலை மறுபடி போய்த் திறப்பார். வாசலுக்குப் போய் யாரோ கூப்பிட்ட மாதிரி தெருவைப் பார்த்துவிட்டு வருவார். "கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று மனைவி கேட்டால், "முதுகு பிடிச்சிருக்கு" என்பார். முதுகு பாவம், அதற்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பட்டறை நீளமான ஒற்றை அறை. ஒரு சுவரோரம் ஸ்பாஞ்சுத் தகடுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். மறு சுவரில் ரெக்சின் சுருள்கள். நடுவே வயிறு கிழிந்த சோபாக்கள் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். வேலை செய்வது மூன்றே பேர். மெத்தைக்காரர் ஆணி அடிப்பார். அவர் மனைவி அவருக்கு நேர் எதிரே தையல் இயந்திரத்தில் உறை தைப்பாள். அவள் தம்பி, அதாவது அவருடைய மச்சினன், ஸ்பாஞ்சு வெட்டி ஒட்டுவான். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் அக்கா குரல் கேட்டால் கையில் இருப்பதைப் பின்னால் மறைக்கிற சுபாவம் இன்னும் போகவில்லை.

ஆணி அடிக்கிற துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் பழைய மரச்சட்டத்துக்குக் குட்டி ஆணிதான் பிடிமானம் என்பது மெத்தைக்காரரின் கட்சி. இடது கை துணியை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும், வலது கை சுத்தியலைப் பிடிக்கும், மூன்றாவது கை இல்லாத குறைக்கு வாய். ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார். காந்த முனை வைத்த சுத்தியல் அதை உதட்டிலிருந்து கவ்விக்கொண்டு போய்த் துணியில் இறக்கும். வாய் நிறைய ஆணியோடு விலை பேசுவார், மச்சினனைத் திட்டுவார், ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. வாயில் கீறல் விழுவதெல்லாம் இந்தத் தொழிலில் சகஜம். 'ஆணிக்கடி' என்று அதற்குப் பேரே உண்டு. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் நாலு நாளில் போய்விடும்.

அதனால்தான் முதல் தடவை மனைவி கேட்டபோது அவர் வாயிலிருந்து அந்தப் பதில் தானாக வந்தது.

"என்னங்க, காரம் பட்டா ஏன் முகத்தைச் சுளிக்கிறீங்க?"

"ஆணிக்கடி."

அவ்வளவுதான். ஒற்றை வார்த்தை. அவளும் நம்பினாள். மருந்துக்கடைக்காரரும் நம்பி ஒரு களிம்புக் குழாய் கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று கொடுத்தார். மூன்றாவதைக் கொடுக்கும்போது மட்டும், "டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடுங்களேன்" என்றார். மெத்தைக்காரர் காது கேட்காதவர் போல மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஆனால் ஆணிகள் இருந்தது வலது கன்னத்தில். எப்போதும் வலது கன்னத்தில்தான். இடது கன்னத்தில் இருந்தது வேறு.

பதினோரு வருடத்துக்கு முன், மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து சிகரெட்டை விட்டவர் அவர். "இந்தக் கையோட குழந்தையைத் தொடக் கூடாது" என்று மனைவி படுக்கையில் இருந்தபடியே சொன்னாள். அவரும் பாக்கெட்டைக் கசக்கி எறிந்தார். உண்மையிலேயே எறிந்தார், அதில் கள்ளம் இல்லை. அன்றிலிருந்து சிகரெட்டைத் தொடவும் இல்லை. ஆனால் மூன்றாம் நாளே கை நடுங்கியது. ஆணி கோணலாக இறங்கியது. ஸ்பாஞ்சும் பசையும் இருக்கிற பட்டறையில் எப்படியும் நெருப்புக்கு இடமில்லை. யாரோ ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டி, இதில் புகையும் இல்லை நாற்றமும் இல்லை, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் போதும் என்றார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று அப்போது அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. புகையிலைத் தூள் ஆணியோடு கலந்துவிடக் கூடாதே என்றுதான் யோசித்தார். ஆகவே ஆணிக்கு வலது, தூளுக்கு இடது. ரெக்சின் சுருள்களுக்குப் பின்னால் போய் ஒதுக்கிக்கொண்டு வருவார். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே சப்பையாகக் கிடக்கும், வெளியே தெரியாது. பசை நாற்றம் மற்றதைப் பார்த்துக்கொண்டது. பிறகு மச்சினனும் கூட்டுச் சேர்ந்தான். வாங்கி வருவது அவன், ஒளித்து வைப்பது இவர்.

மனைவிக்கோ அந்தச் சிகரெட்டை விட்ட கதையைச் சொல்லி அலுக்காது. உறை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள், சோபா கொண்டு வருகிற வீட்டுக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர் என்று ஒருவரை விடவில்லை. "ஒரே நாள்ல விட்டார். ஒரு தடவை கூடத் திரும்பத் தொடலை. மனசு வெச்சா முடியும்" என்பாள். அந்தச் சமயங்களில் மெத்தைக்காரர் குனிந்து ஆணி அடித்துக்கொண்டிருப்பார். முகம் சிவக்கும். வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி. உள்ளதைச் சொன்னால், சந்தோஷம்தான் கொஞ்சம் கூடுதல்.

நான்காவது வாரம் அவள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு காந்தப் பட்டை வாங்கி வந்தாள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் ஆணிகள் அதில் ஒட்டிக்கொள்ளும், வாயில் போட வேண்டாம். அவளே அவர் கையில் கட்டிவிட்டாள். "இனிமே வாய்ல ஒரு ஆணி போகக் கூடாது. புண்ணு தானா ஆறிடும் பாருங்க."

அவரால் என்ன சொல்ல முடியும்? நன்றாக இருக்கிறது என்றார். அன்று முதல் வாய்க்குள் ஆணி போகவில்லை. தூள் போயிற்று. கிடைத்த நல்ல சாக்கைத் தன் மனைவியே அன்பாக வந்து பிடுங்கிக்கொண்டாள் என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று, ஆறு வாரம் ஆயிற்று. ஆணி இல்லாத வாயில் ஆணிக்கடி எத்தனை நாளைக்கு இருக்கும்?

அவர் வேறு வழியில் பேரம் பேசிப் பார்த்தார். யாரோடு பேரம் என்று அவருக்கே தெரியாது. விடிந்ததும் எழுந்து வேகநடை போனார். சர்க்கரையை விட்டார். கருகிய ரொட்டியின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி எறிந்தார். சூடான சாப்பாட்டை பிளாஸ்டிக் டப்பாவில் போடாதே என்று வீட்டில் சண்டை பிடித்தார். தினமும் இரண்டு பழம் தின்றார். பசை ஒட்டும்போது முகமூடி போடச் சொல்லி மச்சினன் உயிரை வாங்கினார். கன்னத்தில் ஒதுக்குகிற அந்த ஒன்றைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாக் கெட்ட பழக்கத்தையும் விட்டுவிட்டார். மனைவி அதையும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஒருநாள் சுருள்களுக்குப் பின்னால் மச்சினனைப் பிடித்தார்.

"மாப்ள, உன் வாய்ல புண்ணு ஏதாவது இருக்கா?"

"எனக்கென்ன மாமா, கல்லு மாதிரி இருக்கேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு இன்னும் ஆறலையா?"

"ஆறிட்டுது. சும்மா கேட்டேன்."

"ஆறிட்டா ஏன் மாமா அந்தப் பக்கம் மென்னு சாப்பிட மாட்டேங்குறீங்க?"

"நீ போய் ஸ்பாஞ்சை வெட்டு" என்று அதட்டிவிட்டு, அவன் நீட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வாங்கும்போதே தன் கையைப் பார்த்து அவருக்கு எரிச்சலாக வந்தது. புண் மேலேயே தூளை வைக்கிறோம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான், கொஞ்சம் தள்ளி, பின்பக்கமாக வைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் போகப் பயமா என்றால், பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று முன்னால் நின்றது. டாக்டர் கேட்பார், சொல்ல வேண்டும், சொன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். மடியில் கனம் இருக்கிறவனுக்கு வழியெல்லாம் பயம். தனியாகப் போய்க் காட்டலாம் என்று இரண்டு தடவை கிளம்பினார். ஒரு தடவை பஸ் ஏறி, இரண்டாவது நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பி வந்தார்.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது மனைவிதான். ஒரு காலை, தைத்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஆணி வாய்ல போடாம ஆறு வாரமாச்சு. இன்னும் ஏன் ஆறலை?"

"உள்ளே முனை ஏதாவது ஒடிஞ்சு நிக்குதோ என்னமோ."

"அப்படின்னா எடுத்துடணும். நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நானும் வரேன்."

அந்த இரவு மெத்தைக்காரர் தூங்கியதாகச் சொல்ல முடியாது. மறுநாள் காலை, வேறு எதைத் தேய்க்க முடியாவிட்டாலும் பல்லையாவது தேய்ப்போம் என்று மூன்று தடவை பல் தேய்த்தார்.

பல் டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். அதிகம் பேசாதவர். அவருடைய அறையில் நாற்காலியின் உறை ஓரத்தில் பிரிந்திருந்ததை மெத்தைக்காரர் கவனித்தார். இதைச் சரிசெய்து தருகிறேன் என்று பேச்சை மாற்றிவிடலாமா என்று கூட ஒரு கணம் யோசனை ஓடியது. அதற்குள் விளக்கு முகத்தில் விழுந்தது. வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. கண்ணாடிக் கரண்டியால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்த டாக்டர், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மாமூல் புண்ணை அவ்வளவு நேரம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"எத்தனை நாளா இருக்கு?"

"பத்து வாரம்" என்றாள் மனைவி.

"சிகரெட், புகையிலை ஏதாவது பழக்கம்?"

அவர் வாயில் கரண்டி இருந்தது. அவருக்காக அவள்தான் பதில் சொன்னாள், அந்த வழக்கமான நிமிர்வோடு. "இல்லைங்க டாக்டர். முன்னே சிகரெட் இருந்துச்சு. பொண்ணு பிறந்த அன்னைக்கு விட்டவர்தான். பதினோரு வருஷம். வாய்ல ஆணி வெச்சு வேலை செய்வார், அதான் குத்தியிருக்கு."

டாக்டர் கரண்டியை எடுத்தார். "ஆணியை எந்தக் கன்னத்துல வெப்பீங்க?"

"இடது" என்றார் மெத்தைக்காரர், சட்டென்று.

"வலதுதானேங்க?" என்றாள் மனைவி. குரலில் சந்தேகம் ஒன்றும் இல்லை. தப்பாகத் தைத்த மடிப்பைச் சுட்டிக்காட்டுவது போலத்தான் சொன்னாள். டாக்டருக்குச் சரியான தகவல் போக வேண்டுமே என்ற அக்கறை. "வலது பக்கம் டாக்டர். நான் எதிரேயே உக்காந்து தைக்கிறேன், இத்தனை வருஷமா பாக்குறேன். வலது கன்னம்தான் உப்பியிருக்கும்."

டாக்டர் கையுறையைக் கழற்றவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை, அவரைத்தான் பார்த்தார்.

"அப்போ இடது பக்கம் என்ன வெப்பீங்க?"

மெத்தைக்காரர் கூரையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாம் போலக் கால் துறுதுறுத்தது. ஆனால் அந்த நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறவன் சட்டென்று எழுந்திருக்க முடியாது, அதன் அமைப்பு அப்படி. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது பக்கவாட்டில் தெரிந்தது.

"தூள்" என்றார். பிறகு, "புகையிலைத் தூள். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை" என்றார். அதற்கும் பிறகு, யாரும் கேட்காமலே, "பொண்ணு பிறந்த மூணாம் நாள்லேருந்து" என்றார்.

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பு லேசானது உண்மை. அந்த லேசை நினைத்து அவமானமாக இருந்ததும் உண்மை. மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். சின்னத் துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், இந்த வாரமே, தள்ளிப் போடக் கூடாது என்றார். கடிதத்தை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, மடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

தூளை யார் வாங்கித் தந்தது என்று வழியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவள், அன்று மாலை பட்டறையில் தம்பியைக் கூப்பிட்டாள். "நீயுமா?" என்று ஒரே வார்த்தை. அவன் கையில் இருந்ததை மறைக்கக்கூட இல்லை. சுருள்களுக்குப் பின்னால் போய், இருந்த பொட்டலங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான். மறுநாள் அவனையும் அதே பல் டாக்டரிடம் போகச் சொன்னாள். கல்லு மாதிரி இருந்தவன் கன்னத்தில் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. உடனே நிறுத்தினால் மாறலாம், மாறாவிட்டால் வெட்டிப் பார்க்க வேண்டும், மாதம் ஒருமுறை வந்து காட்டு என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்து அழுதான். தன் பாவம் இவனுக்கும் பங்கு போய்விட்டதே என்று மெத்தைக்காரருக்கு நெஞ்சு கனத்தது. ஆறுதல் சொல்லக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவர் உள்ளே போய்விட்டார்.

பரிசோதனை முடிவு வருகிற வரை அவர் நடந்த நடைக்கு வேறொரு ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். தூள் இல்லாத நாட்களின் நடுக்கம் ஒரு பக்கம், பேச்சில்லாத வீடு ஒரு பக்கம். மனைவி சமைத்தாள், பரிமாறினாள், துணி தைத்தாள், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. உறை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், "உங்க வீட்டுக்காரர் மாதிரி என் வீட்டுக்காரரும் சிகரெட்டை விட்டா நல்லா இருக்கும்க்கா" என்றாள் ஒருநாள். மனைவி இயந்திரத்தை வேகமாக மிதித்தாள். சத்தத்தில் பேச்சு அமுங்கிப் போயிற்று.

முடிவு வந்தது. புற்றுதான். பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் இளைஞர், படம் வரைந்து காட்டினார். கன்னத்தின் உட்பக்கம் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், தொடையிலிருந்து தோலெடுத்து அங்கே வைக்க வேண்டும், கழுத்திலும் சில நிணநீர் முடிச்சுகளை எடுத்துப் பார்க்க வேண்டும். பயப்படாதீங்க, பரவின மாதிரி தெரியலை, என்றார். பிறகு படத்தின் மேல் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவுதான் எடுத்திருப்போம்" என்றார். பக்கத்தில் பெரிய வட்டம் இருந்தது. மனைவி இரண்டு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பிற்பகல். வார்டில் எட்டுக் கட்டில். இவருடையது கதவோரம். கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது, பேச வேண்டியதை இன்றே பேசிக்கொள்ளுங்கள் என்று யாரோ சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் கட்டிலில் உட்காராமல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டு மாசம்" என்றாள் அவள். தலையணை உறையின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்தாள். "எனக்குத் தெரிஞ்சிடும்னுதானே போகலை? நோயை விட என்னைப் பாத்தா அவ்வளவு பயமா உங்களுக்கு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் பத்து வாரமும் மேற்கொண்டு இந்த மூன்று வாரமும் யோசித்ததில், அது முழு உண்மை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பயம் மட்டும் இல்லை. நீ நாலு பேர்கிட்ட என்னைப் பத்திப் பெருமையா சொல்லுவே பாரு. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதை விட மனசு வரலை."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. "நானும்தான்" என்றாள். "சொல்லிச் சொல்லி நானும் உங்க வாயைக் கட்டிட்டேன்." அவர் கையைப் பிடித்தாள். மூன்று வாரத்தில் இது முதல் தடவை. அவர் கால் ஆடுவதை நிறுத்தியது.

அந்த நேரம் நர்ஸ் ஒரு காகிதத்தோடு வந்தாள். வயது, எடை, எடுத்துக்கொள்கிற மாத்திரை என்று வரிசையாகக் கேட்டு எழுதினாள். "புகையிலைப் பழக்கம்?"

"பதினோரு வருஷம் இருந்துச்சு. விட்டு இருபத்தோரு நாள் ஆச்சு" என்றார்.

நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு மனைவி பக்கம் திரும்பினாள். மயக்க மருந்து டாக்டருக்குச் சரியாகத் தெரிய வேண்டும், அதனால் வீட்டு ஆட்களையும் கேட்பது அவர்கள் வழக்கம்.

"அப்படியாம்மா? விட்டுட்டாரா?"

மனைவி பிடித்த கையை விடவில்லை. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது சிஸ்டர்" என்றாள். "அவரையே கேட்டுக்குங்க."